கிளட்ச் மாஸ்டர் கேட்ட மஞ்சள்

எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கிளட்ச் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். வண்டி குலுங்கி நின்றால் போதும், "கிளட்ச்! கிளட்ச்! காலை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். பாடம் முடிந்ததும் அதே மனிதர், "பரவாயில்ல, நாளைக்கு வந்துரும்" என்று தோளைத் தட்டி அனுப்புவார். பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவராகத் தொடங்கி, டிரைவராகி, பிறகு ஒரு பழைய காரை வாங்கி டிரைவிங் ஸ்கூல் போட்டவர். அந்த ஒரே காரை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். மனைவி போன பிறகு மகளும் மருமகனும் அவரோடு வந்து தங்கிவிட்டார்கள்.

ஸ்கூலை மூடியபின் கார் வாசலிலேயே நின்று துருப்பிடித்தது. அதைப் புதுசாக்கியே தீருவேன் என்று மகள்தான் என் பெயிண்ட் ஷெட்டுக்கு இழுத்து வந்தாள். மெக்கானிக் இன்ஜினை ஓட வைத்தான். டிங்கர் துருவை வெட்டியெடுத்துத் தகடு வைத்தான். நான் பட்டி வைத்துத் தேய்த்து முடித்தேன். இனி கலர்தான் பாக்கி. கம்பெனியிலிருந்து வந்தபோதே அது சாம்பல். மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல். இப்போது வருகிற எந்த வண்டியிலும் அப்படி ஒரு கலர் கிடையாது. டேஷ்போர்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், அது அப்படியே மிச்சம் இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

அப்போதுதான் மாஸ்டர் வந்தார். "மஞ்சள் அடிச்சிரு தம்பி" என்றார்.

"எதுக்கு மஞ்சள்? பம்பருக்கா?"

"முழுசுக்கும். பளீர்னு, கண்ணைக் குத்துற மாதிரி."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பழைய காருக்குக் கம்பெனிக் கலரை மாற்றச் சொல்லி வந்தவர்களை நான் உட்காரக்கூடச் சொன்னதில்லை. "மாஸ்டர், இது காரா, ஸ்கூல் வேனா? இந்தச் சாம்பலுக்காக எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க தெரியுமா? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஊரையே கத்தி அடக்கிய மனிதர் பதிலுக்கு ஒரு சத்தம் போடவில்லை. மஞ்சள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மகளுக்குப் போன் போட்டேன். கோபத்தில் அவள் எனக்கு மேல் இருந்தாள். "அண்ணே, அவர் பேச்சைக் கேட்டுராதீங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அது சாம்பல் கார்தான். கலரை மாத்தினா யாரோ வீட்டுக் கார் மாதிரி ஆயிரும். சாயங்காலம் நானே வந்து பேசிக்கிறேன்" என்றாள்.

சரி, கண்ணால் பார்த்தால் மனசு மாறுவார் என்று நானே ஒரு வேலை செய்தேன். கலர் கலந்தால் முதலில் சின்னத் தகட்டில் அடித்து, காயவைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். சாம்பலையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து இரண்டு தகட்டில் அடித்து பெஞ்சில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இதுல எது உங்க காரு?"

குனிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுதான்" என்று ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். "அச்சு அசல் நம்ம சாம்பல்."

அவர் எடுத்தது என் தகடே இல்லை. வேறொருவர் வேனுக்காகப் பக்கத்தில் காயவைத்திருந்த கரும்பச்சை.

அவசரத்தில் எடுத்துவிட்டார் என்று திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் கலரைப் பார்க்கவில்லை, என் குரல் வந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கண்ணு...?"

பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார். "நரம்பு போச்சாம் தம்பி. போனது திரும்ப வராதாம். இருக்கறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. நேரா இருக்கறதும் மங்கல். பளீர்னு இருந்தா மட்டும் தெரியுது."

"மகளுக்கு?"

"சொல்லல. சொன்னா வாசப்படி தாண்ட விடமாட்டா. எங்க தெருவுல எல்லா வீடும் ஒரே ஆள் கட்டினது. ஒரே கேட்டு, ஒரே மதில். வாசல்ல நம்ம கார் நிழலாவாவது தெரிஞ்ச வரைக்கும் சமாளிச்சேன். அதை இங்க கொண்டாந்தப்புறம் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துட்டுப் போயி நிக்கிறேன். அந்தம்மா 'என்ன சார் வேணும்'னு கேக்குறாங்க. வெக்கமா இருக்கு. கண்ணு இப்ப இன்னும் மங்கிருச்சு, இனி அது சாம்பலா வந்தா எனக்கு நிழல்கூடத் தெரியாது."

பேப்பர் கடை வரை தனியாகப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருவதுதான் அவருக்கு மிச்சம் இருந்த நடமாட்டம். அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில்தான் மனிதர் மஞ்சள் மஞ்சள் என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். நான் என்னவெல்லாம் பேசிவிட்டேன்! ஆனாலும் விடவில்லை. "மகள்கிட்ட சொல்லுங்க. சொல்லலைன்னா நான் ஸ்ப்ரே கன்னைக் கையில எடுக்க மாட்டேன்" என்றேன்.

சாயங்காலம் அவள் சண்டைக்குத் தயாராக வந்தாள். அவர் சொன்னார். அவள் முதலில் கத்தினாள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்கிட்ட மறைச்சீங்களா? ரோட்டுல ஏதாவது ஆயிருந்தா?" பிறகு அழுதாள். இனிமேல் எங்கேயும் தனியாகப் போகக்கூடாது என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை போலிருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அண்ணே, உங்ககிட்ட எத்தனை மஞ்சள் இருக்கு?" என்றாள்.

இருந்த மஞ்சளையெல்லாம் தகட்டில் அடித்தேன். அவள் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே தெருவில் பின்னோக்கி நடந்தாள். "தெரியுதாப்பா?" "தெரியுது." "இப்ப?" "ம்ஹும்." அடுத்த தகடு. எந்தக் கலர் அழகு என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு அதிகத் தூரம்வரை தெரிந்ததையே கலந்தேன். என் கையால் நான் அடித்ததிலேயே அவலட்சணமான கலர் அதுதான், இன்றைக்கும் சொல்வேன்.

காரை நானே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். மாஸ்டர் தனியாகவே பேப்பர் கடைக்குப் போயிருந்தார். மகள் மதிலோரம் வந்து நின்றாள். தெருமுனையில் அவர் திரும்புவது தெரிந்தது. ஓடப்போனவளை, "நில்லும்மா" என்று பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு கேட்டாகத் தாண்டி வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் கால் தயங்கியது. நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நடை வேகமெடுத்தது. நேராக வந்து கார் பானெட்டில் இரண்டு கையையும் வைத்தார்.

"அம்மாடி! வெளிய ஓடி வா!" என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினார். "நம்ம கார் வந்திருச்சு பாரு!"

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தவள், "இதோ வந்துட்டேன்ப்பா" என்றாள்.