முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?

“புதியனவற்றை விரைந்து ஏற்கும் மனப்பாங்கும், இன்சொல்லும், குழுவோடு இயைந்து பணியாற்றும் இயல்பும் உடையவர்” என்று கணினிப் பிரிவு உதவியாளரைப் பற்றி மருத்துவமனையின் பணியாளர் குறிப்பேடு சொல்கிறது. இந்த நிமிடம் அவர் மருந்தக மேசைக்கு அடியில் மண்டியிட்டு, தன்னந்தனியாக ஒரு கணினியை அதட்டிக்கொண்டிருக்கிறார்.

“நீ முப்பத்திரண்டா, அறுபத்துநாலா? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்.”

கேள்வி நியாயமானதுதான். அந்தக் கட்டடத்தில் இரண்டு வகைக் கணினிகள் குடியிருக்கின்றன. பழையவை முப்பத்திரண்டு பிட். புதியவை அறுபத்துநாலு பிட். புதியவற்றுக்கென்று செய்த மென்பொருளைப் பழையது வாசற்படி ஏறவிடாது. பழையவற்றுக்குச் செய்ததைப் புதியது பெரும்பாலும் பெரிய மனது பண்ணிச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே பூர்வீகம் விசாரிக்காமல் அவர் எதையும் நிறுவுவதில்லை. பென்டிரைவ்கள் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும்: முப்பத்திரண்டுக்குச் சிவப்பு நூல், அறுபத்துநாலுக்கு நீல நூல். ஊரார் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிவிட்டுப் போகும் இடத்தில் இவர் விரல் வைத்து வரிவரியாக வாசிப்பார். அப்போது பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தால், “பாதி இறங்கியிருக்கு, வையுங்க” என்பார். எது எங்கே இறங்குகிறது என்று பதினெட்டு வருடமாக அந்த மனிதர் கேட்டதில்லை.

எல்லாருக்கும் அவர் அக்கா. ஓய்வுபெற ஆறு மாதமே இருக்கும் கணக்காளருக்கும் அக்காதான். ஒருமுறை கணக்காளர் தம் புதுக் கணினியில் தாமே ஒன்றை நிறுவிவிட்டு, பெருமை பொங்க வந்து நின்றார்.

“ரெண்டு இருந்துதுக்கா. ஒண்ணு அறுபத்துநாலு, இன்னொண்ணு எக்ஸ் எண்பத்தாறு. எண்பத்தாறு பெரிசுதானே?”

“சார், அது முப்பத்திரண்டோட இன்னொரு பேரு.”

“முப்பத்திரண்டுக்கு எதுக்கு எண்பத்தாறுன்னு பேரு?”

“எங்க நாத்தனாரைக்கூட வீட்டுல பொறுமைசாலின்னுதான் சொல்றாங்க. நான் காரணம் கேட்டேனா?”

கணக்காளர் போட்டது ஒழுங்காகவே ஓடியது. இருந்தும் அக்கா அதை அழித்துவிட்டு அறுபத்துநாலைப் போட்டுத்தான் எழுந்தார். புதியது எதையும் நம்பாத அக்காவுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசாத்தியப் பிடிவாதம். “பெரிய வீட்டைக் கட்டிட்டு யாராவது மாடிப்படிக்கு அடியில குடியிருப்பாங்களா?”

அந்தப் பிடிவாதம் போன வாரம் காலை வாரிவிட்டது. தொலைபேசி மேசைக்குப் புதுக் கணினி வந்தது. அங்கே பணிபுரியும் பெண்ணுக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்லும். மற்றவர் காதுக்கு மழை கொட்டுவதுபோல் கேட்கும் அந்த வேகக் குரலைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு நானூறு அழைப்புகளை மாற்றிக் கொடுப்பார். அக்கா வழக்கம்போல வாசிக்கும் மென்பொருளின் அறுபத்துநாலைப் போட்டார். பழைய கணினியில் தனியாக நிறுவியிருந்த அந்தக் குரலையும் ஏற்றினார். பேசியதோ வேறு யாரோ. டாக்டர்களின் பெயர்களை அது கடித்துத் துப்பியது.

“யாருக்கா இவ? வாய்க்குள்ள எதையோ அடக்கிட்டுப் பேசுறா.”

“பழகிடும்மா” என்றார் அக்கா.

பழகவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வந்த அழைப்புகள் சலவைப் பிரிவுக்குப் போயின. மூன்றாம் நாள் நிர்வாக அதிகாரி ஒரு தாளோடு வந்தார்: ‘கருவியில் பழுதில்லை. பணியாளர் புதிய முறைக்கு ஒத்துவரவில்லை. வேறு பணிக்கு மாற்றலாம்.’ கணினிப் பிரிவின் கையெழுத்துதான் பாக்கி.

தொலைபேசிப் பெண் தலையைத் திருப்பாமலே சொன்னார்: “பதினாலு வருஷத்துல இப்படி நடந்ததில்லக்கா. இப்ப என் காது மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”

அக்கா தாளை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். கணினியை விசாரித்தவர், மென்பொருளை விசாரித்தவர், குரலை மட்டும் விசாரிக்கவில்லை. அது முப்பத்திரண்டு. அறுபத்துநாலு மென்பொருளின் கண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே தெரியாது; அதனால் தன் சொந்தக் குரலிலேயே பேசியிருக்கிறது. தான் போட்டதைத் தானே அழித்தார். சிவப்பு நூலை அவிழ்த்தார். பத்து நிமிடத்தில் பழைய குரல் மூச்சுவிடாமல் டாக்டர்களின் பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கியது.

“வந்துட்டா!” என்று அந்தப் பெண் மேசையைத் தட்டினார். அடுத்து மணி அடித்ததும் எக்ஸ்ரே அறைக்கான அழைப்பு எக்ஸ்ரே அறைக்கே போயிற்று.

“அதான் சரியாயிடுச்சேம்மா” என்றார் அதிகாரி. “மாத்தல் எல்லாம் வேண்டாம். டைப் பண்ணின தாள், கையெழுத்துப் போட்டுக் குடு, ஃபைல்ல கிடக்கட்டும்.”

அக்கா தாளை மேசையில் விரித்தார். ‘பணியாளர் புதிய முறைக்கு ஒத்துவரவில்லை’ என்ற வரியையும் அதற்கு அடுத்ததையும் கோடு போட்டு அடித்தார். ‘தவறான பதிப்பை நிறுவியது நான்’ என்று அதன் மேலே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.