தாய்மாமன் கார்

என் தங்கையின் மூத்த மகள் கல்யாணத்தில் நான் பட்ட அவமானத்தை மறந்துவிடச் சொல்லி என் மனைவி தினமும் நச்சரித்தாள். மறந்துவிட்டால் எப்படிப் பழி வாங்குவது? நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் மணப்பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போவது தாய்மாமனின் உரிமை. என்னிடம் இருப்பது பழைய ஆறு சிலிண்டர் கார். வேலையை விட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துரையிடம் வாங்கியது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதை டியூன் செய்து தந்தவர் பெண்ணின் அப்பாவே, அதாவது என் மச்சான். மாத்தளையில் கராஜ் வைத்திருக்கிறார். கைவேலை சுத்தம் என்று ஊரே சொல்லும்.

கோயில் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில், மச்சான் பிறந்த தோட்டத்தில் இருக்கிறது. ஏற்றம் தொடங்கியதும் என்ஜின் இருமியது. மூன்றாவது வளைவில் நின்றே போனது. மேலே மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள், முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. வழியில் வந்த ஆட்டோவை மறித்து மருமகளை ஏற்றினேன். அவள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்து ஏறியதை யாரோ போனில் படம் பிடித்தார்கள். கோயில் வாசலில் மச்சான், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்:

"தாய்மாமன் சீர் வந்துருச்சு பாருங்க. மூணு சக்கரத்துல."

எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். ஒரு மச்சான் கேலி செய்தால் மற்ற மச்சான் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். அதனால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

காரைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து வந்தோம். மச்சான் மறுநாளே பார்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் மாதக் கணக்கில் சுற்றியது. பிறகு இரண்டாவது மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது, அதே கோயிலில். இந்தத் தடவை பெண்ணை வேனிலேயே கூட்டிப் போய்விடலாம், உன் அண்ணனுக்கு எதற்குச் சிரமம் என்று மச்சான் என் தங்கையிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கல்யாணம்தான். தங்கைக்கு வேறு பெண் பிள்ளை இல்லை.

காரைக் கெடுத்தது மச்சானின் கைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவசரத்தில் ஏதோ விட்டிருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே. அந்தத் தவறை நானே தேடிப் பிடித்து, அவருடைய கராஜில் வைத்து, அவருடைய வாடிக்கையாளர்கள் காது குளிரச் சொல்வது என்று முடிவு செய்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளும் பிளக் கழற்றும் சாவியும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் கொறக்காய் மர நிழலில் பொனட்டைத் தூக்கிவைத்து வேலை பார்த்தேன்.

முதலில் ஆறு பிளக்கையும் கழற்றினேன். இடைவெளி ஆறிலும் ஒரே அளவு. வால்வுகள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அளந்தேன். தகடு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உரசிக்கொண்டு போனது. பிளக் வயர்கள் ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்ற வரிசையில் சரியாக இருந்தன. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பொயின்டின் இடைவெளியையும் அளந்தேன். அதுவும் சரி. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் கூடியது. கைத்தவறுதலாக ஒரு ஆணியையாவது தளர்வாக விட்டிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

மூடியின் மேல் கல்யாணத்தன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. சாமிச் சந்தனம், துடைக்க மனம் வரவில்லை. அப்படியே திரும்ப மாட்டினேன்.

என்ஜின் முற்றத்தில் பூனை மாதிரி ஓடியது. நம்பி ரிவர்ஸ்டன் பாதையில் ஏற்றினேன். அதே மூன்றாவது வளைவு, அதே இருமல். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிட்டது. என்ஜினை நிறுத்தாமல் பொனட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல், சந்தனம் இருந்த இடத்தில், நீலப் பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் மூடியின் மேலேயே ஓடிக் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சுரண்டிப் பார்த்தேன். சந்தனத்துக்கு அடியில் மூடி மெல்லிய கறுப்புக் கோடாகக் கருகியிருந்தது. கல்யாணத்தன்று காலையில் காருக்குப் பூசை போட்டபோது, சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் வைத்தது போதாதென்று, என்ஜினுக்கும் இருக்கட்டும் என்று ஈரச் சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி அந்த மூடியில் பூசியவன் நான். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

புது மூடி போட்டதும் கார் ரிவர்ஸ்டன் வரை ஒரு மூச்சில் ஏறியது. அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் மச்சான் சிரித்தது சிரித்ததுதானே? அந்தச் சிரிப்பை என் சந்தனம் சிரிக்கவில்லையே? நேரே கராஜுக்கு ஓட்டிப் போய் நடுவில் நிறுத்தினேன். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அவரிடம் வேலை செய்யும் மெக்கானிக் பாஸ்மார் இருவரும் இருந்தார்கள். மச்சான் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கை துடைத்தபடி வந்து, எங்கே பிழை என்று கேட்டார்.

"பொயின்ட் இடைவெளி தப்பா இருந்துச்சு மச்சான். நீங்க வச்சதுதான்."

பதிலுக்கு ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்:

"எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான். நான்தான் எதையோ விட்டுட்டேன்னு. அது தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் ஒங்களப் பாத்து சிரிச்சேன். மனசுல வச்சுக்காதீங்க."

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். என் வாய் திறக்கவில்லை. பொய் சொல்வானேன், இனித்தது. தொண்டை வரைக்கும் இனித்தது.

ஆவணியில் சின்ன மருமகள் என் காரில்தான் போனாள். மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக என்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவில் அவர் கை டாஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தது. கோயில் வாசலில் இறங்கியதும் எல்லோருக்கும் கேட்கும்படி, இது என் சொந்தக் கைவேலை, தான் கெடுத்ததை நான் சரிசெய்தேன் என்றார். சம்பந்திகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் விரும்பியது அத்தனையும் கிடைத்தது.

அதிலிருந்து அவர் எந்த வண்டியையும் ஒரே தடவை அளந்ததோடு விட்டுவிடுவதில்லை. நான் கராஜ் பக்கம் போனால் தகட்டை என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒருக்கா பாத்துருங்க மச்சான், எனக்கு இப்ப என் கைய நம்ப முடியல" என்கிறார். போன வாரமும் கொடுத்தார். குனிந்து அளந்தேன். மயிரிழை பிசகில்லை.

"இந்தத் தடவை பரவாயில்ல" என்றேன்.