மேனா ரிவர்ஸ் எடுப்பதில்லை

மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் மேனா என் வளைவில் திரும்புவாள். முதலாவது எதிரே வருகிற வண்டிக்கு. இரண்டாவது, அந்த வண்டிக்காரன் கனவு கண்டுகொண்டிருந்தால் அவனை எழுப்ப. மூன்றாவது எனக்கு. அது காதில் விழுந்ததும் நான் எலுமிச்சம்பழத்தை வட்டவட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, தட்டில் பரப்பிவிட வேண்டும். வேன் கதவு திறக்கும்போது தட்டு தயாராக இல்லையென்றால், "என்ன கஸ்பரண்ணே, கடைய எனக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா? நானே நறுக்கணுமா?" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள்.

நான் அமால்ஃபி கடற்கரைச் சாலையில், பொசிதானோவுக்கும் ப்ரையானோவுக்கும் நடுவே எலுமிச்சை ஐஸ் விற்கிறவன். சாலை கொஞ்சம் வயிறு தள்ளி அகலமாகிற ஓர் இடத்தில் என் தள்ளுவண்டியும் குடையும் நிற்கின்றன. பின்னால் செங்குத்தாகக் கீழே கடல். அதை நான் திரும்பிப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அதைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

மேனாவுக்கு முழுப்பெயர் த்ரோஃபிமேனா. எங்கள் ஊர் மினோரியின் பாதுகாவலியான புனிதையின் பெயர். அந்தப் பெயரைத் தெருவில் நின்று கூப்பிட்டால் எட்டு ஜன்னல் திறக்கும், அதனால் இவள் மேனா ஆனாள். வயது ஐம்பத்திரண்டு. ஆள் குள்ளம், ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரிவதற்காகச் சீட்டில் ஒரு தலையணை போட்டிருக்கிறாள். வைக்கோல் தொப்பி ஒன்று உண்டு. இறங்கியதும் அதைத் தலையில் வைப்பாள், ஏழு தப்படி நடப்பாள், என் தள்ளுவண்டியின் ஆணியில் மாட்டிவிடுவாள்.

தொழில், ஊர் சுற்றிக் காட்டுவது. காலையில் சலேர்னோ துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்குகிறவர்களில் ஒரே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொள்வாள். பொசிதானோ வரை அழைத்துப் போய், சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். போகும்போது வேன் மலையை ஒட்டிப் போகும், திரும்பும்போது கடலை ஒட்டி. அதனால் ஏறியதுமே சொல்லிவிடுவாள்: "காலைல நல்லாத் தூங்குங்க, வெறும் பாறைதான். சாயங்காலம் எவராச்சும் கண்ண மூடுனீங்க, எறக்கி விட்ருவேன்." யாருக்காவது தலை சுற்றினால் என் எலுமிச்சை வட்டத்தை வாயில் திணிப்பாள். "வளைவ எண்ணாதீங்க. எண்ணுனவன் எவனும் தின்னத வயித்துல வச்சதில்ல."

வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் அன்றைய வழியை முடிவு செய்வாள். குதிகால் உயர்ந்தது என்றால் படிக்கட்டு கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு அத்ரானியில் ஒரு சந்துக்கடை, நெத்திலி போட்ட பாஸ்தா. சாப்பிட்டபின் யாராவது பால் காபி கேட்டால் அவளுக்குக் காது கேட்காது. இரண்டாம் முறை கேட்டால், "வயித்துல மீனு நீந்திக்கிட்டிருக்கு, அது மேல பால ஊத்தணுமா?" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு கறுப்புக் காபியைக் குடிப்பார். மேனாவிடம் ஒருவர் வாதாடி ஜெயித்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. மேனா ரிவர்ஸ் எடுப்பதில்லை.

எங்கள் சாலையில் பஸ் வந்தால் சின்ன வண்டிதான் பின்னால் போய் வழிவிட வேண்டும். வாடகைக் கார் எடுத்து வருகிற வெளியூர்க்காரர்கள் இதற்காக அழுததைப் பார்த்திருக்கிறேன். மேனா சட்டத்தை மீறுகிறவள் அல்ல. இரண்டு வளைவுக்கு அப்பால் பஸ் உறுமும்போதே, சாலை அகலமாகிற ஏதாவது ஓர் இடத்தில் ஒதுங்கி நின்றுகொள்வாள். பஸ் வரும்போது அவள் ஏற்கெனவே வழிவிட்டிருப்பாள். எங்காவது இடுக்கில் மாட்டினால் மட்டும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "பின்னால போறதுக்கா எனக்கு லைசென்ஸ் குடுத்தாங்க?"

அப்படி மாட்டுவது பெரும்பாலும் அனியெல்லோவிடம்தான். பஸ் ஓட்டுகிறவன், அவளுடைய பெரியப்பா மகன். பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே சாலையில் ஓட்டுகிறார்கள். இடுக்கில் சந்தித்தால் நாலு விரல் இடைவெளியில் ஊர்ந்து தாண்டுவார்கள். தாண்டும்போது அவன், "என்னிக்காச்சும் ஒரு நாள் எனக்குப் பின்னால எடுக்காமலா போயிடுவே!" என்பான். இவள், "கனவுல வந்து கேளுண்ணே, பாக்கலாம்" என்பாள்.

போன ஜூலையில், எங்கள் புனிதையின் திருவிழா அன்று, மேனா வேலைக்குக் கிளம்பினாள். வழக்கமாக அன்று வேன் எடுக்கமாட்டாள். பிறந்த வருஷத்திலிருந்து ஒரு பவனியைக்கூட அவள் தவறவிட்டதில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து வெறுங்காலோடு சப்பரத்தின் பின்னால் நடக்கிறவள். ஆனால் கனடாவிலிருந்து நார்மன், ஐலீன் என்று ஒரு தம்பதி, ஐலீனுக்கு எழுபதாவது பிறந்தநாள், அந்த ஒரு நாள்தான் கப்பல் சலேர்னோவில் நிற்கிறது என்று மூன்று கடிதம் எழுதிவிட்டார்கள். மேனா கணக்குப் போட்டாள். கப்பல் கதவு மாலை ஆறரைக்கு அடைக்கப்படும். விட்டுவிட்டுத் திரும்பினால் ஏழரைக்கு மினோரி. பவனி எட்டு மணிக்கு. "செருப்பக் கழட்ட அரை மணி நேரம் தாராளம்ணே" என்றாள்.

சாயங்காலம் நாலரைக்கு மூன்று ஹாரன் கேட்டது. ஐலீன் அம்மாள் எலுமிச்சை வட்டத்தைக் கண்ணை இறுக்கிக்கொண்டு தின்றார், பிறகு இன்னொன்று கேட்டார். நார்மன் ரயில்வேயில் நேர அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுகிற மனிதர். ஆணியில் தொங்கிய மேனாவின் தொப்பியைத் தூக்கி, அதன் அடியில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"இது இன்னிக்குத் தேதிதானே? என்ன இது, அஞ்சரை மணிக்கு?"

"எங்க ஊர் அம்மாவோட பவனி" என்றாள் மேனா. "ராத்திரி எட்டு மணிக்கு."

"அஞ்சரைன்னுல்ல போட்டிருக்கு?"

"அது வெளியூர்க்காரங்களுக்கு ஒட்டுனது. எங்கப்பா காலத்துலேருந்து எட்டு மணிதான்."

நானும் சிரித்தேன். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாரே மனிதர் என்று நினைத்தேன். அந்த நோட்டீஸைப் பதினைந்து நாளைக்கு முன்னால் பசை தடவி ஒட்டியவனே நான்தான். ஒட்டினேனே தவிர, படிக்கவில்லை. மினோரிக்காரன் எவன் தன் ஊர்ப் புனிதையைப் பற்றி நோட்டீஸில் படித்துத் தெரிந்துகொள்வான்?

நானும் கடையைக் கட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அமால்ஃபி தாண்டியது, அத்ரானி தாண்டியது. ஊருக்கு முந்தைய திருப்பத்தில் ஒரு காவலர் கையைத் தூக்கி ஆட்டினார். எங்கள் ஊரில் எல்லோரும் மேனாவுக்குக் கையாட்டுவார்கள். அவளும் ஆட்டிவிட்டுப் போனாள். பின்னால் வந்த கார்கள் எல்லாம் அவளை நம்பி வந்தன. கடைசி வளைவில் மூன்று ஹாரன் அடித்தாள். பதிலுக்குப் பேண்டு மேளம் கேட்டது.

எதிரே சப்பரம். பதினாறு பேர் தோளில், பூவும் தங்கமுமாக எங்கள் புனிதை, நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கடல். முன்னால் வெள்ளை அங்கியும் வெள்ளிப் பூண் தடியுமாக, இந்த வருஷத்து விழாத் தலைவன். அனியெல்லோ.

"ஏ மேனா! நல்ல நாளும் அதுவுமா நடு ரோட்டுல என்னடி பண்றே?"

மேனா இறங்கினாள். "எட்டு மணிதானேண்ணே?"

"இந்த வருசம் அம்மா படகுல பக்கத்தூரு மயோரி வரைக்கும் போறாங்க. அஞ்சரைன்னு ஊர் பூரா ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

மேனா என்னைப் பார்த்தாள். நான் வெகு நாளைக்குப் பிறகு கடலைப் பார்த்தேன்.

"சரி சரி, பின்னால எடு" என்றான் அனியெல்லோ.

"பதினாலு காரு நிக்குதுண்ணே. எங்க எடுக்கறது, தண்ணிக்குள்ளயா?"

"சட்டம் தெரியும்ல? பெரிய வண்டி வந்தா சின்ன வண்டி ஒதுங்கணும். அம்மாவை விடப் பெரிய வண்டி இந்த ரோட்டுல இருக்கா?"

சப்பரம் சுமந்தவர்கள் சிரித்தார்கள். பேண்டுக்காரன் ஒருவன் அதற்குத் தோதாக ஒரு அடி அடித்தான். நார்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. மணி ஐந்து நாற்பது. பவனி முடிந்து வழி திறக்க ஏழாகிவிடும். கப்பல் அடுத்து நிற்பது பலேர்மோவில். விட்டுவிட்டால் இரண்டு முதியவர்களும் கட்டிய துணியோடு கரையில் நிற்க வேண்டியதுதான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கப்பலையும் விடாதவள் என்ற பெயரும் அன்றோடு போகும். அந்தப் பெயரை வைத்துத்தான் அவளுக்கு வண்டி ஓடுகிறது.

மேனா செருப்பைக் கழற்றினாள். அனியெல்லோவை விட்டுவிட்டு, அவன் தலைக்கு மேலே இருந்த புனிதையைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, நீயும் கடல் வழியா வந்து இந்த மண்ணுல ஒதுங்குனவதானே. கரையில தனியா நிக்கிறது என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா? இவங்கள ஏத்தி விட்ருவேன்னு வாக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது, அவங்க ஒரு பாவமும் பண்ணல." பிறகு குரல் இறங்கியது. "அண்ணே, உன் பஸ்சுக்கு நான் ஒரு நாளும் பின்னால எடுத்ததில்ல. கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி கிடையாது. இருந்தாலும் கேக்கறேன். பத்தடி போதும்."

மேனா யாரிடமும் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பத்தடிக்குப் பின்னால் கடற்கரை நடைபாதை சாலையோடு சேர்ந்து அகலமாகிறது. அங்கே சப்பரம் நின்றால் வேன் போய்விடும். அது அனியெல்லோவுக்கும் தெரியும். இந்தச் சாலையின் அகலம் அவனைவிட யாருக்குத் தெரியும்?

"அம்மா பின்னால போனதா சரித்திரமே இல்லடி" என்றான். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

சுமந்தவர்களில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "அம்மா முதுகக் காட்டித் திரும்பக்கூடாது, அவ்வளவுதானே? முகம் இப்படியே இருக்கட்டும், நாங்க கால மட்டும் பின்னால வைக்கிறோம். சீக்கிரம் சொல்லுப்பா, தோள் இறங்குது."

அனியெல்லோ பங்குச் சாமியாரைப் பார்த்தான். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அனியெல்லோ தடியைத் தூக்கினான்.

"பத்தடி. முகத்தத் திருப்பாம!"

பதினாறு பேரும் ஒரே காலாகப் பின்னால் வைத்தார்கள். பூக்கள் ஆடின. அனியெல்லோ ஓடிப்போய்ச் சப்பரத்துக்குப் பின்னால் நின்று, பஸ் ஓட்டியின் பழக்கம் விடாமல், "வரலாம்... வரலாம்... கொஞ்சம் இடது... வரலாம்... ம், போதும்!" என்றான். புனிதை எங்களையே பார்த்துக்கொண்டு பின்னால் போனார்.

மேனா வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள், ஆனால் என்ஜினைப் போடவில்லை. பவனிக்கு நடுவே உறுமக்கூடாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நானும் நார்மனும் இரண்டு பேண்டுக்காரர்களும் தள்ள, வேன் புனிதையின் முன்னால் சத்தமில்லாமல் உருண்டு போனது. ஐலீன் அம்மாள் உள்ளே எழுந்து நின்று தலைகுனிந்தார். கூட்டம் தாண்டியதும் நார்மன் தாவி ஏறினார், என்ஜின் உறுமியது, வேன் போய்விட்டது. பின்னால் நின்ற கார்களும் அதே வழியில் ஒவ்வொன்றாக நழுவிப் போயின. சாலை நடுவில் மேனாவின் செருப்பு கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தபோது மணி ஏழே முக்கால். புனிதை படகில் போய் வந்து கோயிலுக்குள் சேர்ந்துவிட்டார், கதவும் சாத்தியாகிவிட்டது. தெருவெல்லாம் வண்ணக் காகிதம். மேனா வெறுங்காலோடு படிக்கட்டின் கீழே நின்றாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் இல்லாமல் பவனி முடிந்திருந்தது.

"கப்பல்?" என்றேன்.

"ஏத்திட்டேன். மூணு நிமிசம் மிச்சம்."

செருப்பைக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, சாத்திய கதவுவரை வெறுங்காலோடு ஏறிப் போய் வந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டிருந்தால் வெயில் என்பாள், நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மூன்று ஹாரன் கேட்டது. அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து அனியெல்லோவின் பஸ்ஸும் வந்துவிட்டது. என் தள்ளுவண்டியைத் தாண்டி, சாலை இறுகுகிற இடத்தில் இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. வேனுக்குள் ஒரு ஜெர்மன் குடும்பம். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன். அனியெல்லோ தலையை வெளியே நீட்டவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. தன் பக்கக் கண்ணாடியை மடக்கக் கையை வெளியே விட்டான், ஊர்ந்து தாண்டுவதற்கு.

அதற்குள் வேனின் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. மேனா பஸ்ஸிலிருந்து முகத்தைத் திருப்பாமல், கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, என் தள்ளுவண்டி வரைக்கும் பத்தடி பின்னால் வந்து நின்றாள்.