தூசிக்கு வாரண்டி கிடையாது

செராமிக் கம்பெனியில் மண்மாவு சலிக்கிற என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் தூசி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். ஆக்சிஜன் அளவு பார்க்க ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போனோம்.

"இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி சேத்து வாங்கிக்கலாம் சார். ஆனா தூசி உள்ள போனா செல்லாது" என்றாள் கடைப்பெண்.

"தூசி இல்லாத வேலைக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் இவர்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அந்த வாரண்டி ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி வாட்சை மட்டும் வாங்கிவந்தேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவர், கையில் கட்டிய வாட்சுக்குப் பாலிதீன் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார்.

"தூசி போனா வீணாயிடும்ல?" என்றார்.

மூக்கில் கட்டிக்கொள்ள நான் துவைத்துப்போட்ட துண்டு கொடியிலேயே தொங்கியது.