ராணியைக் "கண்ணு" என்றார்

யுத்தம் முடிந்து பர்மாவிலிருந்து பாப்பாரப்பட்டி திரும்பிய என் கணவர், கல்யாண வேட்டுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வார். தர்மபுரி டாக்டர் ஒருவர், அரைத் தூக்கத்தில் ஆழ்த்திப் பேச வைக்கும் ஹிப்னாடிசத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

"பலிக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்மா. நடுவுல மட்டும் யாரும் எழுப்பக் கூடாது" என்று எச்சரித்து, என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்.

சற்று நேரத்தில் கணவரின் குரல் குழைந்தது. "ராணி, எந்திரி கண்ணு. ஒன்ன வுட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

ஏழு வருஷக் குடித்தனத்தில் என்னை ஒரு நாளும் அவர் "கண்ணு" என்றதில்லை. திரையை விலக்கிப் பாய்ந்து அவரை உலுக்கினேன்.

"யாருங்க அந்த ராணி?"

அலறி விழித்தவர் மூச்சுத் திணறிச் சாய்ந்துவிட்டார். டாக்டர் நெஞ்சை நீவிவிட, மூச்சு சீராகும்வரை நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மூன்று நாள் அவருக்குப் பேச்சே இல்லை.

நான்காம் நாள் அவரே சொன்னார்: "பட்டாளத்துல எங்கூட மூட்டை சொமந்த கோவேறு கழுதைடி. கால் ஒடிஞ்சு சேத்துல கெடந்துது. சுடச் சொன்னாங்க. சுட்டேன்."

எங்கள் பக்கம் மாட்டைக்கூடக் "கண்ணு" என்றுதான் கொஞ்சுவோம். பொறாமையில் அது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது மறுபடி சிகிச்சைக்குப் போகிறோம். திரைக்குப் பின்னால் நான் வாயே திறப்பதில்லை. வீட்டில் தூக்கத்தில் அவர் "ராணி" என்று கூப்பிட்டால், "எந்திரிச்சுட்டேங்க" என்று நானே பதில் சொல்கிறேன். அமைதியாகத் தூங்கிவிடுகிறார்.

ஆனாலும் அந்தக் கழுதைக்குக் கிடைத்த "கண்ணு" எனக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.