மூன்று நூல்களும் நானும்

கல்வராயன் மலையில் சாமை குறைந்து மரவள்ளி பெருகியது ஏன் என்பதுதான் என் ஆய்வு. ஒரு நூல் மழை என்றது, இன்னொன்று சாலை என்றது, மூன்றாவது வியாபாரி என்றது. மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதி, கள்ளக்குறிச்சியில் டைப் அடிக்கக் கொடுத்தேன்.

டைப் அடித்த பர்வீன் அக்கா பாதியில் நிறுத்தினார்.

"மூணு பேரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருக்காங்க. நீங்க இன்னா சொல்றீங்கன்னே காணோமே."

எனக்குச் சுருக்கென்றது. தாள்களை வாங்கி வந்து, மூன்று நூல்களையும் அருகருகே விரித்துப் படித்தேன். மழை பொய்த்தபோதும் சாலை இல்லாத ஊர்கள் சாமையை விடவில்லை. சாலை போட்ட பிறகே வியாபாரியின் லாரி மலையேறியது, மரவள்ளியும் பரவியது. அதை எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில், "இது எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

"எதிலும் இல்லைங்க. நான் சொல்றது" என்றேன்.

அப்போது வந்த பெருமை பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.