ஈயின் சாப்பாடு

பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் ஈக்காரம்மா என்றுதான் அழைத்தோம். சிலந்திகளுக்கு இரையாகும் பழ ஈக்களைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்ப்பது அவர் வேலை. பதினோரு ஆண்டாகத் தினக்கூலி. வீட்டில் ஒரு ஈ உட்கார்ந்தால் துணியால் அடிக்கிறவள் அங்கே போய் ஊட்டி வளர்க்கிறாள் என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்வாராம்.

அந்த ஆண்டு, ஓடி வேட்டையாடும் சிலந்தி இனத்தின் குஞ்சுகள் தோலுரிக்கும்போதே சாகத் தொடங்கின. பாதிக் கால்கள் பழைய தோலுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். டப்பாவுக்கு ஒரு குஞ்சாக வைத்த நூற்றிருபது டப்பாக்களில் எழுபத்து மூன்று காலியாகிவிட்டன. ஈயைக் குறைத்துப் போட்டிருப்பார், பட்டினியில் செத்திருக்கும் என்று முடிவுகட்டிய தலைமை ஆய்வாளர், காலாண்டோடு அவரை நிறுத்திவிடச் சொன்னார்.

பதிவேடு என் பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், டப்பாவுக்கு ஆறு ஈ. நானே நின்று எண்ணிக் கையெழுத்திட்டவை. ஏட்டை ஆய்வாளர் முன் பிரித்து வைத்தேன். எண்ணிக்கை சரியென்றால் குஞ்சுகள் ஏன் சாகின்றன என்று கேட்டார். வாசலில் நின்ற ஈக்காரம்மாதான் பதில் சொன்னார்.

"ஆறு ஈ போட்டது நிஜம் சார். அந்த ஆறும் என்னத்தத் தின்னு வளந்துச்சு? வெறும் மாவும் சக்கரையும். நம்ம புள்ளைக்குத் தினமும் அதையே குடுத்தா தேறுமா?"

"அப்ப சிலந்திக்கு மெனு கார்டு அடிச்சிரலாமா?" என்றார் ஆய்வாளர். ஆனாலும் காலாண்டு முடிய ஐம்பத்தெட்டு நாள் இருந்ததால், நாற்பது டப்பாக்களை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தார். இருபதுக்குப் பழைய ஈ. இருபதுக்கு, அவித்த முட்டையின் மஞ்சள் கரு கலந்த கூழில் வளர்ந்த ஈ. இரண்டுக்கும் ஆறே ஆறு.

முப்பத்தொன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு, முட்டை வரிசையில் ஏழாவது டப்பாச் சிலந்தி தோலுரிக்கத் தொடங்கியது. மூவரும் மாற்றி மாற்றிப் பூதக்கண்ணாடியில் குனிந்தோம். முதுகு ஓடு மூடிபோலத் திறந்துகொண்டது. எட்டுக் கால்களும் ஒருசேர, இறுக்கமான கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல, நூலளவு நூலளவாக வெளியே வந்தன. ஈக்காரம்மா தன் கைவிரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நிமிடம் பிடித்தது. கடைசிக் காலும் விடுபட்டபோது, பழைய தோல் இன்னொரு முழுச் சிலந்திபோல, கால் ரோமம்கூடக் குறையாமல் பக்கத்தில் கிடந்தது. முட்டையின் ஒரு துணுக்கு ஈக்குள் போய், ஈயோடு சிலந்திக்குள் போய், எட்டுக் கால்களை விடுவித்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டுமே எழுதி வந்த என் கண்ணில் இது ஒருநாளும் படவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள், பழைய வரிசையில் பதினான்கு சாவு. முட்டை வரிசையில் இரண்டு. பிழைத்தவற்றின் எடையும் ஏறக்குறைய இரட்டிப்பு. நீக்க உத்தரவை ஆய்வாளர் தம் கையாலேயே கோடு போட்டு அடித்தார்.

நான் ஏட்டில் 'இரை தின்ற உணவு' என்று புதிய கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஈக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இதோட விட்டா எப்பிடி ஐயா? அந்த முட்டையப் போட்ட கோழி என்ன தின்னுச்சோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஏட்டின் அகலம் போதுமா என்று அளந்துகொண்டிருந்தேன்.